இடது பக்கம் பள்ளம் விழுந்த மூளை

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை என் அம்மா பெங்களூர் அல்சூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். "பொண்ணு மூளை ரிப்பேர் பண்றா." அதன் பலனாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கப் போனால்கூட யாராவது என்னை நிறுத்தித் தன் ஒற்றைத் தலைவலியை விவரிப்பார். நான் டாக்டர் இல்லை, இன்ஜினியர் என்பேன். "அதான், ரிப்பேர்னா இன்ஜினியர்தானே பண்ணணும்" என்பார்கள்.

நான் ரிப்பேர் செய்தது மூளையை அல்ல, மூளையின் படத்தை. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் மென்பொருள்களில் பிழை தேடிவிட்டு, அலுத்துப்போய், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்திருந்தேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூளையை ரொட்டித் துண்டுகள்போல வரிசையாகப் படம் எடுத்துத் தரும். எங்களிடம் இருந்த மென்பொருள் அந்தத் துண்டுகளை மறுபடி அடுக்கி, மூளையின் மேற்பரப்பை ஒவ்வொரு மடிப்பும் பள்ளமுமாக வரைந்து கொடுக்கும். இடது பாதிக்கு ஒரு பரப்பு, வலது பாதிக்கு ஒரு பரப்பு. அதை வைத்து மூளையின் சாம்பல் நிற மேலடை எங்கே எவ்வளவு தடிமனாக இருக்கிறது, நோய் அதை எங்கே தேய்த்திருக்கிறது என்று அளப்போம்.

ஆரோக்கியமான மூளையைக் கொடுத்தால் அந்த மென்பொருள் சொக்கத் தங்கம். சாயங்காலம் வேலையை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனால், காலையில் திரையில் காலிஃபிளவர் மாதிரி அழகாக ஒரு மூளை உட்கார்ந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், ஆரோக்கியமான மூளைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு எதற்கு வரப்போகிறார்கள்? எங்களுக்கு வந்ததெல்லாம் சுருங்கியது, வீங்கியது, கட்டி வளர்ந்தது, ரத்தம் போகாமல் ஒரு பகுதி கரைந்தது. மூளை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மென்பொருளுக்கு ஒரு பிடிவாதமான நம்பிக்கை இருந்தது. அப்படி இல்லாத மூளையைப் பார்த்தால் அது தன் இஷ்டத்துக்கு வரைந்து தள்ளும்.

ஒரு நோயாளியின் மூளைக்குக் கண் வழியாக ஒரு கொம்பு முளைத்தது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பையும் மூளை என்று அது சேர்த்துக்கொண்டதால் வந்த வினை. ஞாபக மறதி முற்றிய ஒரு பெரியவருக்கு மண்டையோட்டின் உட்புற உறையையும் மூளையோடு சேர்த்து அளந்துவிட்டது. கணக்குப்படி அவருடைய மூளை பள்ளிக்கூடப் பிள்ளையின் மூளையைவிடத் தடிமன். இவ்வளவையும் செய்துவிட்டுக் கடைசி வரியில், 'பிழை ஏதுமின்றி முடிந்தது' என்று தவறாமல் எழுதிவைக்கும்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் ஒரு நரம்பியல் டாக்டரம்மா. மைசூர்க்காரர். தமிழ் நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர், நடுநடுவே கன்னடம் தானாக வந்து விழும். கொம்பு முளைத்த மூளையைக் காட்டியபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ஏனிது? என்னம்மா இது, மூளையா, இஞ்சியா?"

"மென்பொருள் கொஞ்சம் குழம்பிடுச்சு மேடம்."

"அது குழம்பினா பரவாயில்ல. நீங்க குழம்பாதீங்க."

நான் குழம்பவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மென்பொருளை ஏமாற்றும் ஒவ்வொரு பொருளையும் துண்டு துண்டாகத் தேடி அழிப்பது என் அன்றாட வேலை. கண் கொழுப்பை அழிப்பேன், உறையை அழிப்பேன், கழுத்துச் சதையை அழிப்பேன். பழைய ஸ்கேன் மெஷினில் எடுத்த படங்களில் இன்னொன்றும் இருக்கும். நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில், தோலுக்கு வெளியே, பட்டாணி அளவில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. தலையை அசையாமல் பிடித்துவைக்கும் திண்டின் ஏதோ ஒரு விளிம்பாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதனால் மூளைக்கு ஒரு கெடுதலும் வந்ததாகச் சாட்சி இல்லை. இருந்தாலும் சுத்தம் என்று வந்துவிட்டால் நான் என் அம்மாவின் மகள். ஒரு படம் விடாமல் அந்தப் புள்ளியைத் துடைத்தேன்.

இந்த நிலையில்தான் முப்பத்தேழாம் நம்பர் மூளை வந்தது. நோயாளிகளின் பெயர் எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதால் எல்லோருக்கும் எண்தான். முப்பத்தேழு ஒரு பக்கவாதக்காரர். இடது பக்க மூளையில் எலுமிச்சம்பழம் வைக்கிற அளவுக்குப் பள்ளம். பேச்சுக்கான பகுதி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நீர்தான் தேங்கியிருந்தது.

மென்பொருளுக்குக் கொடுத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், பள்ளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மூளைத் திசுவால் ஒரு மேம்பாலம் கட்டி வைத்திருந்தது. நம் ஊரில் ஒரு மேம்பாலத்துக்கு எத்தனை வருடம் தகரத் தடுப்பு வைக்கிறார்கள். இது ஒன்பது மணி நேரத்தில் முடித்துவிட்டது. நான் உட்கார்ந்து பாலத்தைப் புள்ளி புள்ளியாக இடித்தேன். மறுபடி ஏற்றினேன். மறுநாள் இரண்டு பாலம். இரண்டையும் இடித்தேன். அதற்கடுத்த நாள் பாலம் இல்லை. பள்ளத்தின் சுவர்கள் உள்ளே மடிந்து, மூளை தன்னைத்தானே விழுங்கிக்கொண்டிருந்தது. கடைசி வரியில் 'பிழை ஏதுமின்றி முடிந்தது'. திரையைப் பார்த்து நான் ஏதோ திட்டியிருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரி எழுந்து போய்க் காபி வாங்கி வந்து என் முன்னால் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

மூன்றாவது வாரத்தில் வழி கிடைத்தது. வலது பக்கத்து நல்ல மூளையிலிருந்து அதே அளவு திசுவை எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி, பள்ளத்தில் ஒட்டினேன். ஒட்டுப்போட்ட மூளையை மென்பொருள் முழு மூளை என்று நம்பி, பரப்பை அழகாக வரைந்துகொடுத்தது. பிறகு ஒட்டுப்போட்ட இடத்தை மட்டும் அளவில் சேர்க்காமல் நீக்கிவிட்டேன். முப்பத்தேழின் மடிப்புகள் ஒவ்வொன்றும் துல்லியமாக வந்திருந்தன. டாக்டரம்மாவுக்குக் காட்டினேன். "சென்னாகிதே, ரொம்ப நல்லா வந்திருக்கு!" என்று சொல்லி முதுகில் தட்டினார். அன்று மெட்ரோவில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பத்து நாள் கழித்து முப்பத்தேழு மறு ஸ்கேனுக்கு வருகிறார் என்று தெரிந்தது. ஆராய்ச்சிக்கு உடன்பட்ட நோயாளிகளிடம் சில கேள்விகளும் கேட்டுக் குறிக்க வேண்டும். வழக்கமாக அதைச் செய்கிறவர் விடுப்பில் இருந்ததால் நான் போகிறேன் என்றேன். மூன்று வாரம் ஒருவருடைய மூளைக்குள்ளேயே குடியிருந்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவருக்குப் பேச்சு வராது என்பது எனக்கு நிச்சயம். அதனால் ஒரு அட்டையில் தண்ணீர் டம்ளர், கட்டில், கழிவறை, சிரிக்கும் முகம், அழும் முகம் எல்லாம் படமாக அச்செடுத்து எடுத்துப் போனேன். விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

ஸ்கேன் அறைக்கு வெளியே, சக்கர நாற்காலியில், மடியில் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நான் குனிந்து, அட்டையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, "த...ண்ணீ...ர் வே...ணு...மா?" என்றேன்.

அவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது, எல்.கே.ஜி. அட்மிஷனா?"

அட்டை என் கையிலிருந்து நழுவியது.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. சிவாஜிநகரிலிருந்து அத்திபெலே போகிற பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவராம். பூக்கூடைக்காரிகள் யார் யார் எந்த ஸ்டாப்பில் ஏறுவார்கள், ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் போடலாமா கூடாதா என்று வந்த தகராறு, கர்ப்பிணி ஒருத்திக்கு எழுந்து இடம் கொடுக்காத ஆளை எப்படி எழுப்பினார் என்பது எல்லாம் தமிழ், கன்னடம், தக்னி உருது மூன்றிலும் மாறி மாறி வந்தன. அவர் மனைவி என்னிடம் மெதுவாக, "ஸ்கேனுக்குள்ள பேசக்கூடாதுன்னு சொல்லுங்கம்மா. அந்த இருபது நிமிஷம்தான் எனக்கு ரெஸ்ட்" என்றாள்.

பேச்சுப் பகுதியே இல்லாத மனிதர் மூன்று மொழியில் பேசுகிறார்! சேதமான மூளையின் வேலையை மறுபக்கம் எடுத்துக்கொண்டதாகப் படித்திருந்தேன், ஆனால் இந்த அளவுக்கா? நான் வராந்தாவின் மூலைக்குப் போய் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மேடம், முப்பத்தேழு பேசறார்."

"என்ன பேசறார்?"

"எல்லாம் பேசறார் மேடம். நிறுத்தவே மாட்டேங்கிறார். இது உலக அதிசயம் மேடம்."

புறநோயாளிப் பிரிவில் கூட்டம் நெரிந்த நேரம். இருந்தும் ஐந்தே நிமிடத்தில் டாக்டரம்மா படியிறங்கி வந்துவிட்டார், பின்னால் இரண்டு மாணவ டாக்டர்கள். வந்து கண்டக்டர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் ஆர்வம் தாங்கவில்லை. கண்டக்டர் ஆடியன்ஸ் கிடைத்த சந்தோஷத்தில் ஆட்டுக்குட்டித் தகராறை முதலிலிருந்து ஆரம்பித்தார். டாக்டரம்மா பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினார். சிலருக்கு, முக்கியமாக இடது கைப் பழக்கம் உள்ளவர்களில் சிலருக்கு, பேச்சு வலது பக்க மூளையில் இருப்பதுண்டு. அப்படி ஏதாவது விளக்கம் கிடைக்குமா என்று பார்த்தார்.

"நீங்க இடது கைக்காரரா?"

"இல்ல டாக்டரம்மா, சோத்துக் கை இதுதான்" என்று வலது கையை ஆட்டிக் காட்டினார். "இடது கையில டிக்கெட் கட்டைப் புடிச்சிப்பேன், இதால கிழிப்பேன். இப்ப அது எங்க? இழுத்துக்கிட்ட அன்னிலேந்து சும்மா தொங்குது." அவர் மனைவி மடித்துண்டை விலக்கினாள். இடது கை மடியில் உயிரில்லாமல் கிடந்தது.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு ஸ்டூலிலிருந்து எழாமலேயே என் பக்கம் திரும்பினார்.

"பள்ளம் எந்தப் பக்கம்னு சொன்னீங்க?"

"இடது மேடம்."

"இடது மூளை கெட்டா எந்தக் கை போகும்?"

"வலது மேடம்."

"இவருக்கு எந்தக் கை போயிருக்கு?"

என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பேச்சுப் பகுதி போனது எனக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள். "இடதும்மா" என்று கண்டக்டரே எனக்காகச் சொன்னார். வகுப்பில் வேறு யாரோ திட்டு வாங்கும்போது முன்பெஞ்சுக்காரனுக்கு வருமே ஒரு உற்சாகம், அது அவர் முகத்தில் இருந்தது. மாணவ டாக்டர்கள் இருவரும் கூரையில் மின்விசிறி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மனிதர் மூன்றடி தூரத்தில் அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். அவர் எந்தக் கையை அசைக்கிறார் என்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"ஸ்கேன் படத்துல வலது பக்கம் திரையில இடதாத்தான் தெரியும் மேடம், அதுல ஏதாவது..." என்று இழுத்தேன். அதெல்லாம் மென்பொருளுக்குத் தெரியும், அது பக்கத்தைப் பார்த்துத்தான் பெயர் எழுதும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்போது ஸ்கேன் டெக்னீஷியன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பிரேசர் டவுன்காரர், இருபது வருட அனுபவம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்திரிச் சுருள் இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏன் மேடம் இவ்ளோ டென்ஷன்? மாத்திரை எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்தா தெரிஞ்சிரப் போகுது" என்றார்.

"எந்த மாத்திரை?" என்றேன்.

"மீன் எண்ணெய் மாத்திரை. பழைய மெஷின்ல எடுக்கிற எல்லாருக்கும் வலது பக்கம் நெத்தியில ஒண்ணு ஒட்டிருவேன். ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியும். நாளைக்கு இடமா வலமான்னு யாருக்காச்சும் சந்தேகம் வந்தா அதைப் பாத்துக்கலாம்ல."

நான் விரலால் அளவு காட்டினேன். "பட்டாணி மாதிரி... வெள்ளையா..."

"அதேதான்."

"அதை நான் அழிச்சிட்டேன்."

"இவருக்கா?"

"எல்லாருக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒட்டிய ஒவ்வொரு மாத்திரையும் அவர் கண்முன் வந்து போனது போலிருந்தது. "எல்லாருக்குமா மேடம்?" என்று மட்டும் இன்னொரு தடவை கேட்டார். டாக்டரம்மா நெற்றியில் அறைந்துகொண்டு, "அய்யோ ராமா" என்றார். கண்டக்டர் தன் மனைவியிடம், "ஒட்டினவரு அவரு, அழிச்சது இவங்க" என்று நடந்ததை விளக்கினார்.

மூலப் படங்கள் பத்திரமாக இருந்தன, அதுதான் என் அதிர்ஷ்டம். மேஜைக்கு ஓடிவந்து, அவற்றிலிருந்து எங்கள் மென்பொருளுக்காக மாற்றிய பிரதிகளை, என் சுத்திகரிப்புக்கு முந்திய நிலையில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். வலது நெற்றியில் இருக்க வேண்டிய மாத்திரை, முப்பத்தேழுக்கு இடது நெற்றியில் இருந்தது. முப்பத்தாறுக்கும் இடது. முப்பத்தைந்துக்கும். பழைய மெஷினின் படங்கள் வேறு வடிவத்தில் வரும் என்பதால் அவற்றை மாற்ற நானே ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். அதில் ஒரு வரியில் ஒரு கழித்தல் குறி இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. அந்த ஒரு சிறு கோடு, பழைய மெஷினில் படுத்தெழுந்த அத்தனை பேரையும் இடவலம் மாற்றிப் போட்டிருந்தது. எட்டு வருடம் மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் எழுதிய வரி.

அந்தக் கழித்தல் குறியைச் சொல்ல டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அதைவிட, யாருக்காவது கெடுதல் ஆகியிருக்குமோ என்ற பயம்தான் அதிகம். அவர் முதலில் கேட்டதும் அதைத்தான், தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார். "ட்ரீட்மெண்டுக்கு உங்க படம் போறதில்ல. அதுக்கு ஒரிஜினல் படம்தான். தேவரு தொட்டவரு, கடவுள் பெரியவர்." பிறகு, "முடிவு எங்கேயும் அனுப்பல, இல்லையா?"

"அடுத்த மாசம் அனுப்பறதா இருந்தோம் மேடம்."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாரோ என்று பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "உலக அதிசயம்னு போன் பண்ணீங்களே! நானும் ஓடி வந்தேனே! ரெண்டு ஸ்டூடண்ட்ஸை வேற கூட்டிட்டு!" கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே குரலை மாற்றினார். "நடந்ததை அப்படியே எழுதி டீம்ல எல்லாருக்கும் அனுப்புங்க. யார் தப்புன்னு மறைக்காம எழுதுங்க. அப்புறம் எல்லாத்தையும் முதல்லேந்து பண்ணுங்க."

எழுதினேன். நான்கு பத்தி எழுத ஒரு முழு நாள் பிடித்தது. முதலில் எழுதியதில் 'பிழை நேர்ந்தது' என்று இருந்தது; அதை 'நான் பிழை செய்தேன்' என்று மாற்றிய பிறகுதான் மிச்சம் எழுத வந்தது. எல்லோரும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். ஒருவர் மட்டும் கேன்டீனில் எனக்கு வழிவிடும்போது, "இடது பக்கம் வாங்க, அதாவது வலது பக்கம்" என்றார். அதை நான் இரண்டு வாரம் கேட்டேன்.

திரும்பச் செய்ய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. கொம்புகளையும் உறைகளையும் பாலங்களையும் மறுபடி இடித்தேன். மாத்திரையை மட்டும் தொடவில்லை. டெக்னீஷியன் தினமும் காலையில் எங்கள் அறை வாசலில் தலையை நீட்டி, "என் மாத்திரை சௌக்கியமா மேடம்?" என்று விசாரித்துவிட்டுப் போவார். சௌக்கியம் என்று திரையைத் திருப்பிக் காட்டினால்தான் நகர்வார்.

முப்பத்தேழின் வலது பரப்பு முடிந்த வாரத்தில் கண்டக்டர் பயிற்சிச் சிகிச்சைக்கு வந்திருந்தார். தன் மூளையைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் விடாமல் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் திரையில் அவர் மூளையைப் பெரிதாக்கி, மெதுவாகச் சுற்றிக் காட்டினேன். முதல் தடவையாக அவர் பேசாமல் இருந்தார். பள்ளம் எதிரே வந்ததும் சுற்றுவதை நிறுத்தச் சொன்னார்.

"இதுவா?"

"இதுதான் சார்."

"உள்ள இவ்ளோ எடமா காலியா இருக்கு?" என்று முன்னால் குனிந்தார். "முப்பது வருஷம் 'ஒளகே ஹோகி, உள்ள போங்க'ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தன் நகரல. இங்க பத்து பேர் நிக்கலாம் போலிருக்கே!"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் பார்வை திரையை விட்டு விலகவில்லை. சரியான கையால் இடது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு, "இதுக்கு இங்கேர்ந்துதான் ஒயர் போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பள்ளத்தின் ஓரத்தில் மிச்சமிருந்த மடிப்புகளைக் காட்டி, பயிற்சியில் கொஞ்சம் திரும்ப வரலாம் என்று டாக்டரம்மா நினைப்பதைச் சொன்னேன். அவர் அந்த ஓரத்தை, ஸ்டாப் வருகிறதா என்று இருட்டில் பார்க்கிறவர்போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

பிறகு மனைவியிடம் திரும்பி, குரலை உயர்த்தினார். "பாத்தியா? கொத்தமல்லி வாங்க மறந்துட்டேன்னு நேத்து அந்தக் கத்து கத்தினியே. இங்க பாரு, எவ்ளோ பெரிய ஓட்டை. மனுஷன் என்ன பண்ணுவான்?"

அவள் திரையைக் கவனமாகப் பார்த்தாள். என்னிடம் கேட்டாள்: "ஏம்மா, கொத்தமல்லி ஞாபகம் அந்த எடத்துலயா இருக்கும்?"

நான் யோசித்தேன். பக்கம் பார்த்துப் பேச வேண்டும் என்ற பாடம் புதிது. "இல்லைங்க. அது வேற எடம். இவருக்கு அது நல்லாத்தான் இருக்கு."

"என்னம்மா நீங்க!" என்றார் கண்டக்டர். "என் மூளையைப் பாத்துட்டு அவ பக்கம் பேசறீங்க!"

மனைவி நாற்காலியைத் திருப்பி, கதவுப் பக்கம் தள்ளத் தொடங்கினாள். லிஃப்ட் வரும்வரை வராந்தாவில் அவர் தன் தரப்பை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. லிஃப்டின் உள்ளே இருந்தவர்கள் இடம் விடாமல் நின்றிருக்க வேண்டும். "ஒளகே ஹோகி சார், ஒளகே ஹோகி!" என்று ஒரு குரல். இடம் கிடைத்திருக்கும் போலிருக்கிறது, கதவு மூடிக்கொண்டது.